கீழே குழாய், மேலே நாடி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் உடல்நலத்தோடும், நீங்கள் குறிப்பாக வாய்நலத்தோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மகள், மாமியார் நால்வரும் சௌக்கியம். கீழ்வீட்டுத் தையற்காரர் மட்டும் வலது கையில் மாவுக்கட்டோடு இருக்கிறார். அந்த மாவுக்கட்டுக்கும் போன மாதம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதற்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். ஃபோனில் நீங்கள் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. கடிதத்தில்தான் யாராலும் குறுக்கே பேச முடியாது.

அன்றைக்கு நீங்கள் துக்கம் விசாரிக்கத்தான் வந்தீர்கள். எல்லோரும் கையிலிருக்கும் ஃபோனிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்கிறார்கள் என்று இவருடைய விமான டிக்கெட் கம்பெனியை மூடிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே உலகத்தையெல்லாம் விமானத்தில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த மனுஷன், அதற்குப் பிறகு ஜன்னலோர நாற்காலியை விட்டு நகரவில்லை. காலையில் சட்டையை இஸ்திரி போடுவார், போட்டுக்கொள்வார், ஷூவைத் துடைப்பார், வந்து உட்கார்ந்துவிடுவார். "அப்பா என்ன பண்றாங்கன்னு டீச்சர் கேட்டாங்க. உக்காந்திருக்காங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள் மகள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு அது அவ்வளவு தைத்தது. அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்து, இருக்கிற நல்ல நாற்காலியில் அமர்ந்து, காலை ஆட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னீர்கள். "இனிமே ரெண்டே வேலைதாம்மா நிக்கும். ஒண்ணு குழாய், இன்னொண்ணு உடம்பு. ரெண்டும் எந்தக் காலத்துலயும் ஒழுகிக்கிட்டேதான் இருக்கும்." எது என்பதை மாப்பிள்ளையே முடிவு செய்யட்டும் என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டீர்கள். படித்து முடித்த நாளிலிருந்து ஒரே மேஜையில், ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தொழில் மாற்றுவதைப் பற்றி இத்தனை தெளிவாகப் பேசியதை நினைத்து நினைத்து நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் போன மறுநாளே இவர் கிளம்பிவிட்டார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தரைத்தளத்தில் குழாய் வேலை சொல்லித்தருகிறார்கள். மாடியில் ஆஸ்பத்திரி வார்டுகளில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் படிப்பு. எது பிடிக்கிறது என்று முதலில் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம், அதன் பிறகு சேர்ந்தால் போதும் என்றிருக்கிறார்கள். ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து பார்ப்பார் என்றுதான் அங்கே நினைத்திருப்பார்கள், பாவம். இவர் காலையில் கீழே போனார், மதியம் மேலே போனார். ஒரே பையில் ஒருபக்கம் ஸ்பானர், மறுபக்கம் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இரண்டையும் பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சி செய்ய எங்கள் வீட்டில் குழாய்களும் இருந்தன, உடம்புகளும் இருந்தன. எதுவும் தப்பவில்லை.

முதலில் சமையலறை ஸிங்க். அதற்கு அடியில் வளைந்து போகுமே, அந்தக் குழாயைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவதாகத் திட்டம். டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு. கழற்றும்போது கழன்றது, மாட்டும்போது மாட்டியது. எல்லாம் முடிந்த பிறகு தரையில் ஒரு ரப்பர் வளையம் மிச்சமிருந்தது. "இது கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா குடுத்திருப்பான்" என்றார். எக்ஸ்ட்ரா வளையத்தின் விளைவு கீழ்வீட்டுக் கூரை வழியாக இறங்கி, தையற்காரர் யாருக்கோ தைத்து முடித்துத் தொங்கவிட்டிருந்த கோட்டின் மேல் சொட்டியிருக்கிறது. தையற்காரரை உங்களுக்குத் தெரியும். தனி ஆள், கடையின் பின்னறையிலேயே குடியிருப்பவர், நீங்கள் வந்த அன்று உங்கள் காலர் கோணலாக இருக்கிறது என்று வாசலிலேயே சொன்னவர். அவர் நனைந்த கோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சண்டை போட மாடியேறி வந்தார். வந்தவரின் முகம் சிவந்திருப்பதைப் பார்த்த உங்கள் மாப்பிள்ளை, கோட்டைக் கவனிக்கவே இல்லை. அவரை உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றி, காற்றடித்து, கருவியையே உற்றுப் பார்த்தார். தையற்காரர் மூன்று தடவை கேட்ட பிறகுதான் எண்ணைச் சொன்னார். சண்டை அதோடு போயிற்று. கோபமாக வந்த மனுஷன் எங்கள் சோபாவில் படுத்து, தனக்கென்று யாருமில்லை என்று என் மாமியாரிடம் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் விசிறிவிட்டார். கோட்டை நான் பிழிந்து காயப்போட்டேன்.

மறுநாள் அவர் நிஜமான டாக்டரிடம் போனார். அழுத்தம் கிழுத்தம் ஒன்றும் இல்லை, யார் பார்த்தது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். பிளம்பர் என்றிருக்கிறார் தையற்காரர். அதே சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரர் கூரையைப் பார்க்க வந்து, குழாயைக் கழற்றியது யார் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்காரர் என்றார் தையற்காரர். இரண்டு இடத்திலும் அவர் பொய் சொல்லவில்லை.

இதற்கிடையில் கீழ்வகுப்பு மாஸ்டரும் மேல்வகுப்பு அம்மாளும் என்னைத் தனித்தனியாக வரச்சொல்லியிருந்தார்கள். என் மகளுக்காகக்கூடப் பள்ளிக்கூடத்தில் என்னை இப்படிக் கூப்பிட்டதில்லை. குழாய் மாஸ்டர் நல்ல மனிதர். இவருக்குக் கை ஓரளவு வருகிறது, ஆனால் நட்டை அழுத்தித் திருகவே தயங்குகிறார் என்றார். "ஏன் சார் பாதியில விட்டீங்கன்னா, ரொம்ப இறுக்கமா இருந்துச்சு, பாவமா இருந்துச்சுங்கிறாரு. நட்டுக்குப் பாவம் பாத்தா வீடு மூழ்கிடும்மா." சரி, மேலேயாவது நல்லபடியாக இருக்கும் என்று படியேறினேன். அந்த அம்மாள் பழைய தலைமை நர்ஸ். பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுக்கு மாணவர்களைக் கூட்டிப்போய்ப் பழக்குகிறவர். அங்கே ஒரு பெரியவர் பல நாளாக யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். அவருக்குப் படுக்கை மாற்ற வேண்டியிருந்தபோது உங்கள் மாப்பிள்ளை குனிந்து, பழைய கவுன்டர் குரலில், "சாருக்கு ஜன்னலோரமா, நடைவழியோரமா?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் திரும்பிப் பார்த்து, ஜன்னலோரம் என்றிருக்கிறார். நல்லதுதானே என்கிறீர்களா? வார்டில் இருப்பது இரண்டே ஜன்னல். இப்போது எல்லோருக்கும் ஜன்னலோரம் வேண்டும். ஆபரேஷனுக்குப் போக வேண்டிய ஒருவர், தான் திரும்பி வரும்வரை இடத்தைப் பிடித்துவைக்கச் சொல்லித் துண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "வார்டை ஃப்ளைட்டாக்கிட்டாரும்மா உங்க வீட்டுக்காரர்" என்றார் அந்த அம்மாள். திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டில் தினமும் சாப்பாட்டு வேளையில் பஞ்சாயத்துதான். சாதம் போடும்போது பிளம்பராக இருப்பவர் மோர் ஊற்றும்போது ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவார். மாமியார் குழாய்க் கட்சி. குழாய்க்காரனுக்குப் போகிற வீட்டில் காபி கொடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு நாம்தான் ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் வாதம். மகள் எதுவானாலும் சரி என்றாள், நாற்காலி மட்டும் வேண்டாமாம். நான் தினமும் ஏதாவது குத்தலாகச் சொல்வேன், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருநாள் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கவுன்டருக்கு வர்றவங்களுக்கு எங்க போகணும்னாவது தெரிஞ்சிருக்கும். எனக்கு அதுவே தெரியலையே." தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

சேர்வதற்குக் கடைசி நாளும் வந்தது. அன்று காலை இஸ்திரி போட்ட சட்டையோடு, ஒன்றும் முடிவு செய்யாமல், பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். கீழே பெரிதாக ஏதோ விழுந்த சத்தம், கூடவே அலறல். இருவரும் கீழே ஓடினோம். கோட்டை நனைத்ததற்குப் பரிகாரமாக, முந்தைய நாள்தான் தையற்காரரின் குளியலறையில் இறுகிப்போயிருந்த குழாயை இவர் இலவசமாகச் சரிசெய்து கொடுத்திருந்தார். எந்த அளவுக்குப் பாவம் பார்த்துத் திருகியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. தையற்காரர் முகம் கழுவத் திறந்திருக்கிறார், குழாய் தலையோடு கையில் வந்துவிட்டது. வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு கோணிக்கொண்டு நின்றது. தண்ணீர் சுவரிலிருந்து பீறிட்டு அறையைத் தாண்டிக் கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. தைக்க வந்த துணி மூட்டையெல்லாம் தரையில். அவர் தன் கையைப் பார்க்காமல் துணி, துணி என்றே கத்திக்கொண்டிருந்தார்.

அண்ணா, இவர் கையில் ஸ்பானர் இருந்தது. நான் பார்த்தேன். அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட பேன்ட்டோடு அந்த வெள்ளத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கையை அசைக்கவிடாமல் தன் மடியில் தாங்கிக்கொண்டார். வெட்டுமேஜையிலிருந்த மர ஸ்கேலை எடுத்துத் தரச் சொன்னார். அதை அடியில் கொடுத்து, தையற்காரரின் கழுத்தில் கிடந்த அளவு டேப்பாலேயே கட்டினார். "துணி காயும், விடுங்க. விரலை அசைக்க வருதான்னு மட்டும் பாருங்க. அவசரமே இல்ல, நான் இங்கயேதான் இருக்கேன்" என்றார். அந்தக் குரலை நான் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை. கத்திக்கொண்டிருந்தவர் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு விரலாக அசைத்துக் காட்டினார். மெயின் வால்வை மூடுங்கள் என்று நான் இரண்டு தடவை கத்தினேன். அது அவர் காதில் விழவே இல்லை. யாராவது போய் மூடத்தானே வேண்டும், மூடினேன். குழாயையும் ஏதோ செய்தேன், ஒழுகுவது நின்றது. அதெல்லாம் இந்தக் கடிதத்துக்கு முக்கியமில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டைப் பிரித்த டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. குறை இருந்தால் சொல்லாமல் விடுகிற இனமா அது? தையற்காரர்தான் நல்ல டேப்பைப் பாழாக்கிவிட்டதாக வழியெல்லாம் புலம்பினார். அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஈரப் பேன்ட்டோடு நேரே பயிற்சி நிலையத்துக்குப் போனார் உங்கள் மாப்பிள்ளை. தரைத்தளத்தில் நிற்கவில்லை. மாடியேறிச் சேர்ந்துவிட்டார்.

ஆக, விஷயம் முடிந்தது. குழாய்த் தொழிலுக்கும் நம் குடும்பத்துக்கும் இனி எந்த ஒட்டும் உறவும் கிடையாது. இனி இந்த வீட்டில் யாரும் ஸ்பானரைத் தொடப்போவதில்லை. உங்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே ஒன்று. அடுத்த ஒரு வருடத்துக்குத் தயவுசெய்து இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள். மகள் சீக்கிரமே மேற்படிப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். அவளோடு பேச நேர்ந்தால் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசுங்கள்.

இத்தனை காலம் உங்கள் ஆலோசனைகளை அருகிலிருந்தே கேட்டுக்கொண்டு உயிரோடிருக்கும் அண்ணிக்கு என் மரியாதை கலந்த வணக்கம். குழந்தைகளுக்கு அத்தையின் ஆசிகள். எல்லோரும் நீடூழி, முடிந்தவரை அங்கேயே, வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது குழாய் மாஸ்டர் வந்தார். தையற்காரர் வீட்டுக் குழாயை ஒழுங்காகப் போட்டுக்கொடுக்க அவரைத்தான் கூப்பிட்டிருந்தோம். உள்ளே போய்ப் பார்த்தவர், தான் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, இதைச் செய்தது யார் என்று கேட்டார். தையற்காரர் இடது கையால் மாடியைக் காட்டினார். "உங்க வீட்டுக்காரர் இடம் கீழ காலியாத்தாம்மா இருக்கு" என்றார் மாஸ்டர், மாடியேறி வந்து. எனக்கு எதற்கு, டார்ச் பிடித்துப் பழக்கம், அவ்வளவுதான் என்றேன். அவர் போன பிறகு சமையலறையில் போய் நின்றேன். அந்த வால்வு இறுகி இறுகி, கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றி, பீறிட்ட தண்ணீர் அடங்கியதே, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மேலே நான் எழுதவில்லை. சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பு. காலையில் நான் கீழே, இவர் வார்டில், மாமியாருக்கு மாத்திரை கொடுக்கவும், மகளுக்குச் சமைக்கவும், தையற்காரருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடவும் ஆள் இல்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலேயே புறப்பட்டு வரவும். அண்ணியை அனுப்பிவைத்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், நீங்கள்தான் வர வேண்டும். வரும்போது உங்கள் பழைய பேன்ட் ஒன்று கொண்டுவாருங்கள். எனக்குத்தான். இவருடையதைப் போட்டுப் பார்த்தேன், தரையைக் கூட்டுகிறது.