பித்தளை அண்ணன்

என் மனைவியின் கைப்பையைக் கத்தரிக்கோலால் வெட்டியபோது என் கை நடுங்கவே இல்லை. நடுக்கம் அப்புறம்தான் வந்தது. வந்தது இன்றுவரை முழுசாகப் போகவில்லை.

ஏன் வெட்டினாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நூலகத்தில் ஒரு வேடப் போட்டி அறிவித்திருந்தார்கள். ஸ்டீம்பங்க் வேடம். அதாவது, மின்சாரமே வராமல் உலகம் முழுக்க நீராவியிலேயே ஓடிக்கொண்டிருந்தால் மனுஷன் எப்படி உடுத்தியிருப்பான் என்று ஒரு கற்பனை. பித்தளைக் குழாய், பல்சக்கரம், தோல் கவசம், வட்டக் கண்ணாடி. நிபந்தனை ஒன்றே ஒன்று: கடையில் எதையும் வாங்கக் கூடாது. வீட்டில் கிடப்பதை வைத்தே செய்ய வேண்டும்.

நான் செருப்புக் கடைக் கிடங்கில் வேலை பார்க்கிறவன். பிறந்ததிலிருந்து ஒரு பரிசு வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு ஓட்டப் பந்தயம். ஓடியது மூன்று பேர், பரிசும் மூன்று. நான் போய்ச் சேர்வதற்குள் மேடையைப் பிரித்துவிட்டார்கள். இந்த முறை ஒரு கை பார்த்துவிடுவது என்று சபதம் போட்டேன்.

வேலை ரகசியமாக மொட்டைமாடி மோட்டார் அறையில் நடந்தது. காலி செருப்புப் பெட்டிகளை வெட்டி மார்புக் கவசம். சூடான பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்தால் அதுதான் ஆணித்தலை. முதுகில் இரண்டு சோடா பாட்டில், அதிலிருந்து இறங்கும் வாஷிங் மெஷின் குழாய். அது கொதிகலன். நெஞ்சில் நின்றுபோன ஒரு கடிகாரம். முன்னும் பின்னும் பாட்டில் மூடிச் சரங்கள். கைப்பிடி உடைந்த வாளியைக் கவிழ்த்தால் தலைக்கவசம். கண்ணுக்கு நேரே இரண்டு ஜாம் மூடி வளையம், உள்ளே என் பழைய மூக்குக்கண்ணாடியின் கண்ணாடிகள். எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் பஞ்சில் தங்க வண்ணத்தைத் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தால், நூறு வருஷத்துப் பித்தளை! துரு வேண்டுமா? ஈரத்திலேயே ஒரு சிட்டிகை காப்பித்தூள்.

தோல்தான் இல்லை. அலமாரியில் அந்தப் பை இருந்தது. அரக்கு நிறம், அசல் தோல், பூப்போட்ட கொக்கி. மனைவியின் அக்கா கொடுத்தது. ஒரு நாள்கூட வெளியே எடுத்துப் போகாத பை. இல்லாமல் போனால் யாருக்குத் தெரியப் போகிறது?

வெட்டி முடித்து, கொக்கியை நெஞ்சுக்கு நடுவே ஒட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அக்கா வர்றா" என்றாள். "அந்தப் பையை எடுத்து வெக்கணும். வந்ததும் அதைத்தான் கேப்பா."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? "சரிம்மா" என்றேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பது அவள் வேலை. பிட் அடிக்கிறவனை நாற்பது அடி தூரத்திலிருந்தே பிடிப்பாள். ஓடிப் போய்ப் பிடிக்க மாட்டாள். மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நிற்பாள், அவ்வளவுதான். பையன் தானாக எழுந்து பிட்டை நீட்டிவிடுவான். அவள் கத்துகிற ஜாதி இல்லை. கத்தினால் தேவலையே! போன வருஷம் ஒரு பூந்தொட்டியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டேன். பதினோரு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் நானே போய், "நான்தான் அந்தப் பூனை" என்று சொல்லிவிட்டேன்.

போட்டி சனிக்கிழமை பதினொரு மணிக்கு. அவளுக்கு அன்று ஒரு மணி வரை பரீட்சை வேலை. "எனக்குக் கிடங்குல சரக்கு சரிபார்க்கணும், சாயங்காலம் ஆயிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நேரே மோட்டார் அறைக்குப் போய் வேஷம் கட்டிக்கொண்டேன். கீழே வருகிறபோதுதான் ஞாபகம் வந்தது. நுழைவுச் சீட்டை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டேன்.

வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்? சாவியைப் பூட்டில் நுழைத்தேன். திருப்பவில்லை. அதற்குள் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

அவள்.

வாளிக்குள் என் மூச்சு எனக்கே புயல் மாதிரி கேட்டது. கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஓடலாமா? கால் வரவில்லை. சாவியை மட்டும் உருவிக் கையுறைக்குள் தள்ளினேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். முதுகுக் குழாயைப் பார்த்தாள். இடுப்பில் தொங்கிய ஸ்பானரைப் பார்த்தாள்.

"ஹீட்டர் ரிப்பேருக்கு வந்தவராண்ணே? வாங்க, வாங்க!"

அண்ணே! தொட்டுத் தாலி கட்டிய மனைவி வாயால் அந்த வார்த்தையைக் கேட்கிற நிலைமை எந்தப் புருஷனுக்கும் வரக் கூடாது.

விஷயம் என்னவென்றால், குளியலறை ஹீட்டர் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை. "கம்பெனிக்குப் போன் பண்ணியாச்சு, நாளைக்கு வர்றாங்களாம்" என்று தினமும் சொல்லி வந்தேன். போன் பண்ணவே இல்லை. இப்போது நானே அந்த ஆளாக நிற்கிறேன்.

"ஆ... ஆமாம்மா" என்றேன், குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு.

"இன்னைக்குப் பரீட்சை தள்ளி வெச்சுட்டாங்க. நல்லவேளை நான் இருந்தேன். எங்க வீட்டுக்காரர் மூணு வாரமா போன் பண்ணிப் பண்ணி ஓஞ்சே போயிட்டார் பாவம்."

பாவம் என்ற சொல்லை அவள் சற்று இழுத்தாளோ? இழுத்தாள். இல்லை. பயத்தில் எனக்கு எல்லாமே இழுவையாகக் கேட்டது.

குளியலறையில் ஹீட்டர் மூடிக்கு ஸ்பானரை வைத்துத் திருப்பினேன். ஸ்பானர் வளைந்து, இரண்டாக மடிந்து, தொங்கியது.

"என்னண்ணே, அட்டையா?"

"கம்பெனில இப்ப லேசாத்தான் தர்றாங்கம்மா."

"இருங்க. எங்க வீட்டுக்காரர் வாங்கி வெச்ச நல்ல டூல் பெட்டி ஒண்ணு இருக்கு. இன்னும் உறையே பிரிக்கலை."

கொண்டு வந்து கொடுத்தாள். மின்சாரம் என்றாலே எனக்குக் குலை நடுங்கும். மெயின் ஸ்விட்சை அணைத்தேன். சரிதானா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். திறந்து பார்த்தால், உள்ளே ஒரே ஒரு கம்பி கழன்று கிடந்தது. ஒரு திருகாணியை முடுக்கினேன். ஸ்விட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சுட்டது. மூன்று வாரப் பொய் ஒரே திருகில் போச்சு.

"வர்றேம்மா" என்று திரும்பினேன். ஃப்ரிட்ஜ் மேலே கண் போனது. என் நுழைவுச் சீட்டின் மேல் ஒரு தண்ணீர் டம்ளர் உட்கார்ந்திருந்தது. அவள் டம்ளரை எடுத்து நீட்டினாள்.

"தொப்பியைக் கழட்டிட்டுத் தண்ணி குடிங்கண்ணே."

"டியூட்டில கழட்டக் கூடாதும்மா."

"அப்படியா?" மெதுவாக நடந்து வந்தாள். பக்கத்தில் நின்றாள். என் மேலிருந்த பாட்டில் மூடியெல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுவென்று ஆட ஆரம்பித்தது. விரலை நீட்டி, என் நெஞ்சிலிருந்த பூக் கொக்கியைத் தொட்டாள். "இந்தப் பூ நல்லா இருக்கே. என்கிட்டயும் இதே மாதிரி ஒரு பை இருக்கு."

"க... கம்பெனி யூனிஃபார்ம்மா."

"எல்லாருக்கும் குடுத்திருக்காங்களா?"

"எல்லாருக்கும்."

"நல்ல கம்பெனி" என்றாள். "அண்ணே, வந்தது வந்தீங்க, அந்த சமையலறைக் குழாயையும் பார்த்துருங்களேன்."

பார்த்தேன். அதன் பிறகு ஜன்னல் தாழ்ப்பாள். அப்புறம் ஆடுகிற மின்விசிறி. ஒவ்வொரு தடவையும் நான் வாசலைப் பார்ப்பேன். அவள் பூவைப் பார்ப்பாள். நான் அடுத்த வேலைக்குப் போவேன். ஏணி மேல் நின்று பரணைத் துடைக்கும்போது மாடி வீட்டு அக்கா உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினாள்.

"யாருடி இது? ரேடியோவைப் பிரிச்சுப் போட்டு ஆள் செஞ்ச மாதிரி!"

"ஹீட்டர் அண்ணன், அக்கா."

"தலையில வாளி மாதிரி இருக்கே?"

"பாதுகாப்புக்கு" என்றாள் என் மனைவி, நான் வாயைத் திறக்கும் முன்னால்.

"நடை மட்டும் எங்கயோ பார்த்த மாதிரி இருக்குடி. உன் வீட்டுக்காரர் நடக்கற மாதிரியே இல்ல?"

ஏணி ஆடியது. நான் ஆடினேனா, ஏணி ஆடியதா என்று தெரியவில்லை. கீழே நிற்கிறவளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பரணை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"போங்கக்கா" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் ஏணி மேல ஏறி நான் பார்த்ததே இல்லையே."

மாடி வீட்டு அக்கா அதை ஒத்துக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

சுவரில் மணி ஒன்றரை. நூலகத்தில் இந்நேரம் பரிசு கொடுத்து முடித்திருப்பார்கள். என் நெஞ்சிலிருந்த கடிகாரம் மட்டும் பத்து மணி பத்து நிமிஷம் என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. கவசம் வேர்வையில் ஊறி நெகிழ்ந்து, ஆணித்தலைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தன. அவள் அவற்றைப் பெருக்கி ஒரு தாளில் மடித்து என் கையில் கொடுத்தாள். "உங்க கம்பெனி சாமான் விட்டுப் போயிடப் போகுது."

வெளியே வந்தேன். எப்படி மாடி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. வேஷத்தைக் கழற்றி, முகம் கழுவி, சாயங்காலம் வரை மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குக் களைத்த முகத்தோடு வீட்டுக்குள் போனேன். களைப்பை நடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"வந்துட்டீங்களா? வெந்நீர் வருது, குளிங்க" என்றாள். "நீங்க சொன்ன ஆள் வந்தார்."

"ஓ. எப்படி... ஆள்?"

"தங்கமான மனுஷன். சொன்னதெல்லாம் செஞ்சார். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை."

சொந்த மனைவி இன்னொரு ஆணைப் புகழ்கிறாள். பொறாமைப்பட வேண்டியவனும் நான், யார் மேல் பொறாமையோ அந்த ஆளும் நான்.

"ஏங்க, என் பையைக் காணோம்."

நின்றேன். குளிக்க எடுத்த துண்டு கையிலிருந்து நழுவியது. "தே... தேடட்டுமா?"

"வேணாம். அக்கா கேட்டா, ரிப்பேர்காரர்கிட்ட இருக்குன்னு சொல்லிக்கறேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் துண்டை எடுத்து, உதறி, என் தோளில் போட்டாள்.

"அந்த அண்ணனை இனிமே வாரா வாரம் கூப்பிடலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் மாடி வீட்டு அக்காவுக்கு மூணு குழாய் ஒழுகுதாம், அங்கயும் அனுப்பறேன்னு சொல்லிட்டேன். உங்களுக்குத்தான் சனிக்கிழமையானா கிடங்குல வேலை இருக்கே, இல்லையா?"

"இருக்கு" என்றேன்.