நகரி கல்யாணத்தில் ஒரு தலை குறைந்தது

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் உள்ள டிரைவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்தாலும், எங்கள் 'பத்து நிமிசம்' கால் தூசுக்கு வரமாட்டார்கள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அவருடைய சொந்தப் பெயர் லைசென்ஸில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

தினமும் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போகிற நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து அமர்த்திக்கொண்ட வேனுக்கு அவர் டிரைவர். ஏறி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பிவிடும் என்று நினைத்தால் நீங்கள் ஊருக்குப் புதிது. "பத்து நிமிசம் சார்" என்று சொல்லிவிட்டு பானட்டுக்குள் தலையை விட்டுவிடுவார். மழைக்காலத்தில் அது உண்மையிலேயே பத்து நிமிஷம். பங்குனி பிறந்துவிட்டால் அரை மணி. டயர் சூடேறுவதற்குள் காற்று பார்க்கவேண்டும், கூலன்ட் பார்க்கவேண்டும், பெல்ட்டைத் தடவவேண்டும், ஸ்டெப்னியை நாலு தட்டு தட்டவேண்டும். டாஷ்போர்டில் யாராவது சென்ட் பாட்டிலோ லைட்டரோ வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அர்ச்சனைதான்.

"வெய்யில்ல வெடிச்சா தீபாவளின்னு கைதட்டுவீங்களா சார்?"

புது வண்டி வாங்கியவர்கள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பார்த்தாலும் அவருக்கு மனசு கேட்காது. "நாலு பழத்தயும் நசுக்கிட்டு வழியில நாக்கு வறண்டு கெடப்பாங்க. தண்ணில புழிஞ்சி, உப்பு போட்டு எட்துக்கினு போனா ஆவாதா?" என்று எங்களிடம் நியாயம் கேட்பார்.

எங்கள் மிஷன் சபையில் பிரயாணத்துக்கு முன்னால் ஜெபம் செய்யாமல் வண்டி எடுக்கமாட்டோம். சபையார் வெளியூர் போகும்போது இவரைத்தான் கூப்பிடுவோம். நாங்கள் கண்ணை மூடினால் இவர் வண்டிக்கு அடியில் போய்விடுவார். ஒருமுறை பாஸ்டர் 'ஆமென்' சொல்ல வாயெடுத்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. "ஐயா, பின்னாடி ரெண்டு டயரு பாக்கி கீது. இன்னும் கொஞ்சம் பண்ணுங்க." பாஸ்டரும் சளைக்காமல் மாநிலம், தேசம், அண்டை நாடுகள் எல்லாவற்றுக்காகவும் ஜெபித்து முடித்தார்.

இன்னொரு நாள், சந்திரகிரி பக்கத்தில் புகைந்துகொண்டு நின்ற காரின் ரேடியேட்டர் மூடியை ஒருவர் திறக்கப்போனார். நம்மவர் வேனை ஓரங்கட்டிவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சூடா இருக்கசொல்ல மூடிய தொறக்கக்கூடாது நைனா. மொதல்ல ஆறட்டும்." அது ஆறும் வரைக்கும் நாங்களும் ரோட்டோரத்தில் நின்றோம். ஆபீசில் அரை நாள் லீவு போனது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தலை எண்ணுவதைத்தான் பொறுக்க முடியாது. ஏறும்போது ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை, ஒவ்வொரு தலையையும் கையால் தொட்டு எண்ணுவார். எங்களோடு வருகிற சூப்பிரண்டெண்ட் அப்போதுதான் தலைக்குச் சாயம் பூசியிருந்தார். "நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்று கத்தினார். "ஆடாயிருந்தா கத்தும் சார், எண்ணவே தேவையில்ல. மனுசன் தூங்கிடுவான்" என்று பதில் வந்தது. எல்லோரும் இறங்கியபிறகு காலி சீட்டையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். நாங்கள் கிண்டல் செய்து அலுத்துப்போனோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் ஊரான நகரியில், அவர்கள் சர்ச்சில், பதினோரு மணிக்கு. சொந்தக்காரர்கள் பதினான்கு பேர் 'பத்து நிமிசம்' வேனில். நான் புதுக் காரில் தங்கை, என் மனைவி, மூன்று வயது மகள் ஆகியோருடன் பின்னால் போனேன். சித்தூரில் கிளம்பும்போதே இரண்டு வண்டிக்கும் சேர்த்து எண்ணினார். பதினெட்டு தலை. மணப்பெண்ணின் பூ கலையாமல் தொட்டார், அதையும் சொல்லவேண்டும்.

புத்தூரில் வேன் நின்றது. "பத்து நிமிசம் சார். டயரு ஆறட்டும், கொயந்தைக்கு தண்ணி குடுங்க."

"கல்யாணத்துக்கு நேரமாகுதுய்யா" என்றேன்.

"நீங்க போய் சேர்ந்தாதான சார் கல்யாணம்?"

போய்ச் சேரும்போது பதினொன்றே கால். நகரி பாஸ்டர் வாசலிலேயே நின்று கையை ஆட்டினார். நிழல் எதுவும் மிச்சமில்லாததால் காம்பவுண்டு சுவரோரம் வெயிலில் காரை நிறுத்தினேன். மனைவி தங்கையின் முக்காட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் காரைப் பூட்டிவிட்டு ஓடினேன். கோபமெல்லாம் அந்தப் புத்தூர் பத்து நிமிஷத்தின் மேல்தான்.

முதல் பாட்டு முடிந்தது. இந்த விவாகத்துக்குத் தடை சொல்லுகிறவர்கள் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று பாஸ்டர் கேட்கும் இடம் வந்தது. எங்கள் கல்யாணங்களில் அந்த நேரம் ஒரு இருமல்கூடக் கேட்காது.

"பத்து நிமிசம் ஐயா."

சர்ச் மொத்தமும் திரும்பியது. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில், தோளில் ஈரத்துண்டோடு எங்கள் டிரைவர். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை வீட்டு முன்பெஞ்சு முழுவதும் அவரை விட்டுவிட்டு என் தங்கையைப் பார்த்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

"நம்ம ஆளுங்க பதினேழுதான் வருது. ஒரு தல கொறையுது" என்றார். "பாப்பா யார்கிட்ட கீது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் என் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் மனைவியைப் பார்த்தாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவர் எனக்கு முன்னால் ஓடினார். பூட்டிய காரில், பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே, புடவைப் பெட்டிக்குப் பக்கத்தில் தூக்கத்தில் உருண்டு கிடந்தாள் மகள். முகம் செக்கச் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவசரத்தில் என் கையிலிருந்து சாவி கீழே விழுந்தது. அவரே எடுத்துத் திறந்து, தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். ஈரத்துண்டால் கழுத்தையும் காலையும் துடைத்துத் துடைத்து விட்டார். அவள் கண்ணைத் திறந்தாள்.

"நகரி வந்துச்சா தாத்தா?"

"வந்துட்டோம் கண்ணு. தண்ணி குடி, மெதுவா."

எனக்கு உயிர் திரும்பியது. திரும்பியதும் என் மனைவி மேல் பாயத்தான் வாயைத் திறந்தேன். வேறு யார் மேல் பாய்வது? என் மேல் பாய்ந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சூடா கீறீங்க சார். இப்ப மூடிய தொறக்காதீங்க."

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிவந்து காட்டினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை, சீக்கிரம் பார்த்ததால் பிழைத்தீர்கள் என்றார். நான் காரைப் பூட்டி எவ்வளவு நேரமாயிற்று என்று அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. அவர் எதற்காக அந்தப் பத்து நிமிஷத்தைப் பிடித்துத் தொங்குகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளே மாப்பிள்ளை இன்னும் நின்றுகொண்டே இருந்தார். "தடை ஏதாவது உண்டா?" என்று பாஸ்டர் மறுபடியும், ஆனால் நேராக கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க ஐயா. பதினெட்டும் சரியா கீது. நீங்க கல்யாணத்த எடுங்க."

இப்போதெல்லாம் எங்கள் சபையில் எந்தக் கல்யாணமானாலும், பாஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எல்லோரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறோம். அவரும் விரலை நீட்டி நிதானமாக எண்ணி முடித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். எண்ணிக்கையை எப்போதும் என் மகளிடமிருந்துதான் தொடங்குவார்.