மேலே ஒன்று, கீழே ஒன்று

"புருஷன் பொண்டாட்டிக்கு மேல ஒரு சீட்டு, கீழ ஒரு சீட்டா? பக்கத்துல பக்கத்துல குடுத்தா என்னம்மா குறைஞ்சா போயிடும்?"

போனின் மறுமுனையில் இருந்த கச்சேரி டிக்கெட் அலுவலகப் பெண் இதே கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லிச் சலித்தவள். "தவணைத் திட்டத்துல ஆளுக்கு ஒரு டிக்கெட்தான் சார். சீட்டைக் கம்ப்யூட்டர் போடும். மாத்தணும்னா அடுத்த தவணை கட்டற அன்னிக்குக் கேளுங்க. உங்களோடதை மட்டும்தான் நீங்க மாத்தலாம். அன்னிக்கு எல்லாரும் கேக்கறதை ராத்திரி மொத்தமா மாத்திடுவோம்."

லென்ஸ்காரர் பெருமூச்சு விட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர் என்பதால் அந்தப் பெயர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரி செய்கிற மனிதருக்குச் சொந்த மனைவியைக் கண்ணாரப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அவருக்குப் பகல் வேலை. அவளுக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. அவர் உள்ளே நுழையும்போது அவள் ஷூ மாட்டிக்கொண்டிருப்பாள். அவள் திரும்பும்போது அவர் மாட்டிக்கொண்டிருப்பார். வார விடுமுறைகூட ஆளுக்கு ஒரு நாள். எலியும் பூனையுமாக இருக்கும் வீட்டில்கூட இரண்டும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும். இங்கே அந்தப் பாக்கியமும் இல்லை. தலையணையில் முகம் புதைத்தால் சூடான ரொட்டி வாசனை வரும். அவருடைய இல்லறத்தில் பாதி அந்த வாசனைதான்.

கல்யாணத்துக்கு முன் பஸ் ஸ்டாப்பில் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு ஒரு பாடகியைக் கேட்பார்கள். ஒயர் சின்னது, அதனால் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்க வேண்டும். அந்தப் பாடகி இப்போது ஊருக்கு வருகிறாள். ஒரு சாயங்காலம், மனைவி பக்கத்தில், ஒட்டினாற்போல உட்கார வேண்டும். லென்ஸ்காரர் அதற்காகத்தான் ஏங்கினார். பாட்டுகூட அப்புறம்தான்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தெரிந்த அன்று அவள் என்ன சொன்னாள்? "எங்க உட்கார்ந்தா என்னங்க? பாட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே கேக்கும்?"

அது முள்ளாகத் தைத்தது. தைத்தது என்று சொல்லவும் வெட்கம். பேசாமல் தானே சரி செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அடுத்த தவணை கட்டிய அன்று அவளுடைய டிக்கெட் நம்பரைச் சொல்லி, மாடியில் அவளுக்குப் பக்கத்து சீட்டைக் கேட்டு மாற்றிக்கொண்டார். மறுநாள் மாலை, வாசற்படியில்:

"உன் சீட்டு மாடியிலதானே?"

"இல்லங்க, கீழ."

"கீழயா? எப்படி?"

"என்னமோ மாறிப்போச்சு." அவள் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். "உங்களோடது?"

"மாடியில."

"ஓ." லேஸை இன்னொரு முறை அவிழ்த்தாள். பஸ் ஹாரன் கேட்டதும் ஓடிவிட்டாள்.

கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அதற்கடுத்த தவணையில் கீழே, அவளுக்குப் பக்கத்தில் கேட்டு வாங்கினார். மறுநாள் அதே வாசற்படி.

"கீழதானே இருக்கே?"

"மாடியிலங்க."

பழைய குருடி, கதவைத் திறடி!

லென்ஸ்காரருக்கு இப்போது கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் போய்விட்டது. வேறு சந்தேகம் வந்துவிட்டது. அது வந்த நாளிலிருந்து வேலை ஓடவில்லை. வலது கண் லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்தார். வாங்கிப்போனவர் தடுமாறிக்கொண்டே திரும்பி வந்தார். "யோவ், ஒரு படிக்கட்டு ரெண்டா தெரியுதுய்யா! எதுல காலை வைக்கறது?"

கடை முதலாளி அவரைத் தனியாக அழைத்தார். "வீட்ல சண்டையா?"

"சண்டை போடறதுக்கும் ரெண்டு பேரும் வீட்ல இருக்கணுமே முதலாளி." கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "நான் மேல போனா அவ கீழ இறங்கிடறா. நான் கீழ வந்தா மேல ஏறிடறா. பக்கத்துல உட்காரப் பிடிக்கலைன்னு வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கலாமே!"

"கேட்டுத்தான் பாரேன்."

"ஆமான்னு சொல்லிட்டா?"

முதலாளி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசித் தவணை. லென்ஸ்காரர் நேரே டிக்கெட் அலுவலகத்துக்கே போனார். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார், கவுன்ட்டரில் இருந்தது போனில் பேசிய அதே பெண்தான்.

பணத்தைக் கட்டினார். "என் சீட்டைக் கடைசி வரிசையில ஏதாவது மூலையில போட்டுடும்மா. எங்க வீட்டம்மா மாடியில நிம்மதியா உட்கார்ந்து கேக்கட்டும். நான் துரத்திக்கிட்டே இருந்தா அவளும்தான் எவ்வளவு தூரம் ஓடுவா?"

கவுன்ட்டர் பெண் அவருடைய டிக்கெட் நம்பரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். பிறகு கீபோர்டை அவர் எட்ட முடியாத தூரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"சார், ஒவ்வொரு தவணைக்கும் காதோரம் மாவோட வந்து, 'எங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்துல போடும்மா'ன்னு கெஞ்சிட்டுப் போறாங்களே, இன்னிக்குக் காலையிலகூட வந்தாங்களே, அந்த அக்காவோட வீட்டுக்காரர் நீங்கதானா? உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இந்த ஒரு தடவை அசையாம இருங்க சார், அவங்க வந்து உட்காரட்டும்!"