வரிசைத் துரையின் குடங்கள்

பாரபட்சம் பார்க்காத ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் செஞ்சியில்தான் இருந்தார். கடவுளைச் சேர்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். என் ஓரகத்திக்கு முழங்கால்வரை கூந்தலையும் எனக்கு எலிவாலையும் கொடுத்ததிலிருந்து கடவுள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. வரிசைத் துரை மேல் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. கோட்டைக்குப் போகும் வழியில் இருந்த நல்லதண்ணீர்க் கிணற்றுக்கு அவர் காவலர். அது யுத்த காலம். அரிசிக்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. போதாக்குறைக்கு மழையும் ஏமாற்றிவிட்டது. ஊரில் மற்றக் கிணறுகளின் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதனால் ஒவ்வொரு கோடையிலும் ஊர்ப் பெரியவர்கள் கூடித் ‘தண்ணீர்க் கமிட்டி’ என்று ஒன்று வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் என்று சட்டம் போட்டுக் கயிற்றையும் வாளியையும் துரை கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் ஒருவர்தான் இறைப்பார். நாங்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் புளியமர நிழலில் உட்கார்ந்து வம்பு பேசுவோம்.

துரை என்றதும் தொப்பியும் பூட்ஸும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பட்டாளத்துக்காரரோ கழித்துப் போட்ட காக்கி அரைக்கால் சட்டை, தலையில் சிவப்புத் துண்டு, இரண்டு பேருக்குப் பங்கு போடலாம் போல ஒரு மீசை. எப்போதும் குனிந்த தலை. அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. குடங்களை மட்டும்தான் பார்ப்பார்.

நான் திண்டிவனத்திலிருந்து கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், சீர்வரிசைக் குடத்தோடு கிணற்றடிக்குப் போனேன்.

“யாரு இது?” என்றார் குனிந்தபடியே.

“தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வீட்டுல...” என்று இழுத்தேன்.

“உன்னக் கேக்கலம்மா. கொடத்தக் கேட்டேன்.”

குடத்தை வாங்கினார். அடியைத் தட்டினார். கழுத்தைத் தடவினார். இடுப்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு அக்கறை காட்டவில்லை.

“கும்மோணத்துச் சரக்கு. ஒரு நெளிசல் கெடையாது. சரி, பேரு புதுப்பொண்ணு. கடைசில போயி நில்லு.”

குடம் போய் நின்றது. பக்கத்தில் நானும் நின்றேன். இரண்டு குழந்தை பெற்ற பிறகும் அந்தக் கிணற்றடியில் நான் புதுப்பொண்ணுதான்.

ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். காலையில் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல உரக்கக் கூப்பிடுவார். “சப்பமூக்கி!” என்றால், ஊரே எழுந்து நின்று கும்பிடுகிற பெரிய வீட்டு அம்மாள் பட்டுப்புடவை சரசரக்க ஓடி வரவேண்டும். “அவலூர்ப்பேட்ட!” என்றால் அந்த ஊர்ச் சந்தையில் வாங்கிய மண்குடத்தின் சொந்தக்காரி வருவாள். பித்தளைக்கு முன்னால் மண் நிற்கும், வெண்கலத்துக்கு முன்னால் ஓட்டைத் தகரம் நிற்கும். “எங்க குடத்துக்கு முன்னால நிக்கிறது எந்தத் தெருக் குடம்யா?” என்று ஒருநாள் ஒரு மேல்துண்டுக்காரர் மீசையை முறுக்கினார். துரை குனிந்து பார்த்துவிட்டு, “மண்ணுங்க. ஒடையாம பாத்துக்குங்க” என்றார். அதற்கு மேல் அவருக்குத் தகவல் தெரியாது.

அவருக்குச் சமமாக வாயாடக்கூடிய ஒரே ஆள் என் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள். அவள் குடத்தின் கழுத்தில் ஒரு சிலுவை கீறியிருக்கும், வயிற்றில் பெரிய ஒடுக்கு ஒன்று இருக்கும். அதற்கு ‘மாதாக்கோயில்’ என்று பெயர். திருவிழா வருகிறதே என்று அவள் ஒடுக்கெடுப்பவனிடம் கொடுத்துக் குடத்தை மழமழவென்று தட்டி வாங்கினாள். தட்டிய தட்டில் சிலுவையும் மறைந்துபோயிற்று. புளி போட்டு விளக்கிப் பொன்னாக மின்ன வைத்துக் கொண்டு வந்தாள். துரை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது நம்ம ஊரு கொடமே இல்லியே.”

“யோவ் அண்ணே, நான் அந்தோணியம்மா!”

“நீ அந்தோணியம்மாவாவே இரும்மா. வாணான்னு யாரு சொன்னா? கொடம் யாரு?”

“மாதாக்கோயிலு!”

“மாதாக்கோயிலுக்கு வயித்துல ஒடுக்கு இருக்குமே. இது வெளியூரு.”

அந்தோணியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு குடத்தைத் தூக்கிப் பாறையில் ஒரு போடு போட்டாள். ‘ணங்’ என்ற சத்தத்தில் புளியமரத்துக் காக்கை பூராவும் பறந்தது. துரை முகம் மலர்ந்து ஒடுக்கைத் தடவினார்.

“அட, வந்துட்டியா மாதாக்கோயிலு! எங்க போயிருந்த? போ, உன் எடத்துல நில்லு.”

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். நான் சொல்ல வந்த கோடையில் சிரிப்பு வரவில்லை. கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. ராத்திரி ஊறுவது காலையில் எழுபது குடத்துக்குத் தட்டுத் தடுமாறிக் காணும். அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு பெரிய அதிகாரி ஊர்ப் பங்களாவில் இரண்டு நாள் காம்ப் போட வந்தார். கமிட்டித் தலைவர் கடலை எண்ணெய் மில் முதலாளி. அதிகாரி குளிப்பதற்கு என்று மாட்டுவண்டியில் ஒரு பெரிய பீப்பாயை ஏற்றிக் கிணற்றுக்கு அனுப்பினார்.

துரை பீப்பாயை மூன்று சுற்று சுற்றினார். “புது வரவு. பேரு தொப்ப. எழுபத்தி ரெண்டாவது” என்றார்.

வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டான். ஒரு மணி நேரம் கழித்துத் தலைவர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

“இன்னாய்யா நெனச்சிக்கினு இருக்கிற? யாருக்குத் தண்ணின்னு தெரியுமா?”

“வூட்டுக்கு ஒரு கொடம்னு கமிட்டிதாங்க சொல்லிச்சு. பங்களாவும் ஒரு வூடுதானுங்க. தொப்ப வாயத் தொறந்து நிக்கட்டும், மொற வந்ததும் ஒரு கொடம் ஊத்தறேன்.”

தலைவர் கயிற்றைப் பிடுங்கினார். “நீ வூட்டுக்குப் போ. நாளையிலேருந்து என் மச்சான் பாத்துக்குவான்” என்றார். துரை சிவப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கிராமமான சிங்கவரத்துக்குப் போகும் பாதையில் நடந்துவிட்டார். பீப்பாய் நாற்பது குடம் குடித்தது. அதற்குப் பிறகு வாளியில் சேறுதான் வந்தது. அன்று பாதி ஊருக்கு உலையில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதிகாரிக்கு ஜலதோஷம். இரண்டு நாளும் அவர் குளிக்கவே இல்லையாம். நாற்பது குடமும் பங்களாக் குரோட்டன்ஸ் செடிகளுக்குப் போயிற்று. கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அந்தச் செடிகளை வேரோடு பிடுங்கியிருப்பேன்.

மச்சானிடம் ஒரு பெரிய குறை. அவர் முகம் பார்ப்பார். சிரித்த முகத்துக்கு இரண்டு குடம், சொந்தக்கார முகத்துக்கு மூன்று குடம், என் போன்ற முகத்துக்கு நாளைக்கு வா. மூன்றே நாளில் வரிசை போய்க் கைகலப்பு வந்தது. நான்காம் நாள் வாளியும் கிணற்றுக்குள் போனது.

அந்தோணியம்மாள்தான் யோசனை சொன்னாள். மறுநாள் விடிந்ததும் கிணற்றடியில் தொடங்கித் தலைவரின் மில் வாசல் வரைக்கும் குடங்களை வரிசையாக வைத்தோம். வாசலுக்குக் குறுக்கே நெருக்கமாக வைத்தோம். வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். கடலை மூட்டை வண்டிகள் உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை.

“எடுத்து ஓரமா வீசுங்கடா!” என்று தலைவர் கத்தினார்.

மில் ஆட்கள் அசையவில்லை. “எந்தக் கொடம் யாருதுன்னு தெரியலியேங்க. எங்க வூட்டுக் கொடமா இருந்து நெளிஞ்சிச்சின்னா, நாங்க வூட்டுக்குப் போவ வாணாமா?” என்றார்கள்.

எந்தக் குடம் யாருடையது என்று சொல்லக்கூடிய ஆள் ஊரிலேயே ஒருவர்தான். வேறு வழியில்லாமல் தலைவர் அவருக்கே வண்டி அனுப்பினார். துரை வந்தார். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாக நடந்தார். நாங்கள் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எல்லாரும் வந்திருக்கிறாங்க” என்றார் சந்தோஷமாக.

“கூப்ட்டு எடுக்கச் சொல்லுய்யா!”

“கயிறு இல்லாதவன் பேச்ச கொடம் கேக்காதுங்க.”

கயிறு வந்தது. பாதாளக்கரண்டி போட்டுத் துழாவி வாளியும் வந்தது. துரை கிணற்றடிக்குப் போய், “சப்பமூக்கி!” என்று ஒரு குரல் கொடுத்தார். பெரிய வீட்டு அம்மாள் அப்படி ஓடி நான் பார்த்ததேயில்லை.

அன்று என் குடம் வரிசையில் கடைசி என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அதற்கும் பின்னால் வாய் உடைந்த ஒரு சின்ன மண்குடம் நின்றது. அதற்கு அவர் பெயர் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

“இது யாரு?” என்று இந்தத் தடவை நான் கேட்டேன்.

“அது என்னுதும்மா. வண்டியில எங்கூடவே வந்துச்சு. நானும் ஒரு வூடுதானே. தெனம் கடைசில நிக்கும். மிச்சம் இருந்தா ரொம்பும்.”

“இல்லன்னா?”

“சிங்கவரத்துல போயி கேட்டு வாங்கிக்குவேன்.”

நான் கல்யாணமாகி வந்த நான்கு கோடையாக அந்தக் குடம் அங்கே நின்றிருக்கிறது. நாங்கள் எழுபது பேர் அதைத் தாண்டித் தாண்டித் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ராட்டினத்தின் பக்கம் திரும்பியிருந்தபோது, என் குடத்தைத் தூக்கி அவர் குடத்துக்குப் பின்னால் வைத்தேன்.

கடைசி வாளி அவர் குடத்தில் விழுந்தது. அடுத்த வாளியில் சேறு வந்தது. அவர் என் குடத்தைப் பார்த்தார், அது நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கண் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரியும்.

“இதுக்குத்தாம்மா நான் யாரு மூஞ்சியும் பாக்கிறதில்ல. பாத்தா எரக்கம் வந்துடுது. எரக்கம் வந்தா வரிச பூடும்” என்று முணுமுணுத்துக்கொண்டே, தன் குடத்திலிருந்து பாதியை என் குடத்தில் சாய்த்தார்.

அந்த அரைக் குடத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அழுதேன். செஞ்சியில் எனக்குப் பிடித்தமானவர்களை வரிசையாக நிற்க வைக்கச் சொன்னால், என் வீட்டுக்காரர்கூட வரிசைத் துரைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும்.