தவமிருந்த குழாய்

கருவடிக்குப்பம் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. குழாய்க்குக் கற்பூரம் காட்டினார்கள். பாகூர்ப் பக்கத்து விவசாயிகள் செருப்போடு சேர்த்து இன்னொன்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

மேடையில் வருண சித்தர். போன வருஷம்வரை கனகசெட்டிக்குளத்தில் மீனுக்கு ஐஸ் விற்றவர். தண்ணீரோடு அவருக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

அவர் விற்றது வருணக் குழாய். உடம்பெல்லாம் ஓட்டை, மேலே செம்புச் சாயம், குங்குமப் பட்டை. வயலில் பாதி புதைய நட வேண்டும். குழாய்க்குள்ளே தண்ணீர் மண்ணுக்குக் கீழே ஒரு சாண் இறங்கும்வரை வருணன் தவத்தில் இருக்கிறாராம். அதற்கு முன்னால் மோட்டார் போட்டால் தவம் கலையுமாம். பயந்துகொண்டு வயலைக் காயவிட்டார்கள். தண்ணீர் மிச்சம், பயிரும் பச்சென்று நின்றது. அற்புதம்!

இதே குழாயை முன்பு வேளாண் அதிகாரி சும்மா கொடுத்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்யச் சொன்னார். "நெல்லு இன்னா வத்தலா, காயப்போட?" என்று சிரித்தார்கள். குழாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

கதிர் பூத்த வாரம், குழாய் வாங்கியவர்களில் ஒருவரான கோவிந்தசாமி பழக்கதோஷத்தில் தண்ணீர் பாய்ச்சிவிட்டார். சித்தருக்குக் கண் சிவந்தது.

"வருணன் கோவமா இருக்கார். கறவ மாட்ட என் மடத்துக்குக் குடு. இல்லன்னா அத்தனையும் பதரு!"

அந்த மாட்டின் பாலை விற்றுத்தான் மகள் சிந்துஜாவைப் படிக்க வைத்தார். வீட்டில் அடுப்பெரிவதும் அதனால்தான். மனிதர் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அன்று மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

பின்னாலேயே வந்த சிந்துஜா, சாக்குப்பையிலிருந்து ஐந்து குழாய்களை மேடையில் கொட்டினாள். எல்லாவற்றிலும் அதே சாயம், அதே குங்குமம்.

"சாமி, இதுல ஒண்ணு நீங்க குடுத்தது. நாலு நான் பண்ணது. எதுல வருணன் இருக்கார்? சொல்லிட்டா மாட்ட நானே அவுத்துக் குடுக்குறேன்."

"படிச்ச திமிரு!" என்றது கூட்டம்.

சித்தர் கண்ணை மூடினார். தடவினார். ஒன்றைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதான்! கையெல்லாம் அதிருது!"

சிந்துஜா அதன் சாயத்தைச் சுரண்டினாள். உள்ளே அழுக்குச் சாம்பல் நிறம்.

"அது எங்க வீட்டு கக்கூஸ இடிச்சப்ப எடுத்த பைப்பு, சாமி. நேத்துதான் ஓட்ட போட்டேன்."

அடுத்து, சித்தர் கொடுத்ததைச் சுரண்டினாள். வெள்ளைக் குழாயில் அழுத்தமாக ஒரு முத்திரை: 'இலவசம்'.

"நீங்க எடைக்குப் போட்டததான் இந்தாளு உங்களுக்கே வித்துக்கினு இருக்கான். காயவுட்டதாலதான் தண்ணி மிச்சமாச்சு. பூக்குற நேரத்துல மட்டும் வயல்ல தண்ணி நிக்கணும். அப்பா பண்ணதுதான் சரி. இப்ப காயவுட்டவங்களுக்குத்தான் பதரு."

"ஐயோ, அப்ப என் வயலு?" என்று அலறினார் பக்கத்து வயல் செல்வாம்பாள்.

"ஓடு சித்தி, மோட்டாரப் போடு!"

மண்டபம் காலியானது. சித்தர் சமையல்கட்டு வழியாகக் காலியானார். வண்டியில் நின்றபடியே மாடு மாவிலைத் தோரணத்தை மென்றுகொண்டிருந்தது.

கூட்டத்தில் வந்திருந்த நாராயணசாமி மட்டும் போகவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்தக் கக்கூஸ் பைப்ப எனக்குத் தரியா பாப்பா? சாமி கண்ணுல ஒத்திக்கினது..."

நெல்லைக் காயவிடக் கற்றுக்கொண்டீர்கள், நல்லது. மூளையைக் காயவிட்டது போதும். அங்கேயும் ஒரு தடவை மோட்டார் போடுங்கள்.