பேச்சிராஜாவின் இம்பாக்ட் ஃபேக்டர்

உயிரே போனாலும் ஒரு இதழைக்கூட ரத்திக்கு, அதாவது பழைய பேப்பர்காரனுக்கு, போடுவதில்லை என்று பேச்சிராஜா அன்று காலை சபதம் எடுத்தார். மும்பை செம்பூர்க் கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சபதத்தை மனதுக்குள்தான் எடுத்தார். மனைவி பொன்செல்வி சமையலறையில் இருந்தாள்.

பரண் நிறையப் பழைய ஆராய்ச்சி இதழ்கள். தாராவியில் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கியபோது அந்தக் கட்டுகள்தான் நாற்காலி. விருந்தாளி வந்தால் இரண்டு கட்டு, மாமனார் வந்தால் மூன்று. அவருடைய ஒரே கட்டுரை அச்சில் வந்த அன்று, குர்லா போகும் ரயிலில் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் பொன்செல்வி அவர் பெயரைக் காட்டிக்கொண்டே போனாள். என்ன ஒரு ரயில் அது! அந்த இதழும் இந்தக் கட்டுகளுக்குள்தான் எங்கோ கிடக்கிறது.

"ஏங்க, பழைய பேப்பர் எடுக்க ஷகீல் வாரான். இறக்கிப் போடுங்க."

"இது சாதா பேப்பர் இல்லட்டி. இம்பாக்ட் ஃபேக்டர் உள்ளது!"

"அப்படின்னா?"

சிக்கிவிட்டாள் என்று பேச்சிராஜா குஷியானார்.

"பத்திரிகையோட மதிப்பு. அவங்க வெப்சைட்ல போட்டிருக்கத அப்படியே நம்பக்கூடாது. யாரு யாரை மேற்கோள் காட்டினாங்கன்னு வருஷா வருஷம் வார சைட்டேஷன் ரிப்போர்ட்ல பாக்கணும்."

பழைய மாணவி மாரிசெல்வி இப்போது அதே கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஃபோன் போட்டார். அவள் கல்லூரி நூலகக் கணக்கில் நுழைந்து பார்த்துச் சொன்னதும் பேச்சிராஜா பொன்செல்வி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, மூணு புள்ளி நாலு! நான் எழுதின பத்திரிகை!"

"அத எப்படிங்க கணக்குப் போடுதாங்க?"

"போன ரெண்டு வருஷம் அதுல வந்த கட்டுரைகள, இந்த வருஷம் மத்தவங்க எத்தன தடவ எடுத்துக் காட்டிருக்காங்கன்னு பாத்து, கட்டுரை எண்ணிக்கையால வகுக்கணும்."

"ரெண்டே வருஷமா? பரண்ல இருக்கது எப்ப உள்ளது?"

"தொண்ணூத்தாறு வரைக்கும்..."

"அப்ப அந்த மூணு புள்ளி நாலுல நம்ம கட்டுக்குப் பங்கு?"

வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்கு மார்க் போட்டவர், சுவரைப் பார்த்தார்.

"பூஜ்யம்," என்றார்.

ஷகீல் வந்தான். கட்டுகள் இறங்கின. பேச்சிராஜா ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடினார். அவருடைய இதழைக் காணோம். கடைசிக் கட்டும் முடிந்துவிட்டது. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"எட்டி, என் கட்டுரை எங்கட்டி?"

"அத எப்பவோ தனியா எடுத்து வச்சுட்டேன்," என்று பொன்செல்வி அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுற்றி, கிரைண்டரின் ஒரு காலுக்கடியில் இருந்தது அவருடைய இதழ்.

"ரெண்டு வருஷமா தினமும் இந்த வீட்டுக்கு உபயோகப்படுதது இது ஒண்ணுதாங்க. இத மட்டும் யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

பேச்சிராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே ரயில், அதே பொன்செல்வி.

"ஏன்னு சொல்லுட்டி," என்றார் தழுதழுத்து.

"எடுத்தா கிரைண்டர் ஆடும்லா?"