இருநூற்றுப் பத்தில் கைவைக்காதவர்

கேம் ஆட வாங்கிய லேப்டாப்பை, செய்தவன் வைத்த வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டுவிட்டு, அது மயக்கம் போட்டு விழும்போதெல்லாம் உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிஷ் நகரத்தில் எந்தக் கட்டடத்திலும் மாடிக்கு ஒருவர் கிடைப்பார். எங்கள் கட்டடத்துக்கு வாய்த்தவர் மூன்றாம் மாடி நெபோய்ஷா. வீட்டில் எல்லோருக்கும் நேஷா.

நேஷா பரம சாது. பேருந்துப் பணிமனையில் வேலை, எறும்பைக் கூட மிதிக்கமாட்டார். ஆனால் அவருடைய லேப்டாப்பில் வேகத்தை ஏற்றி இறக்கும் ஒரு கோடு உண்டு. பூஜ்யத்தில் இருக்க வேண்டிய அதன் முள்ளை அவர் இருநூற்றுப் பத்தில் கொண்டுபோய் நிறுத்தி, நகரத்துக் கேம் பிரியர்கள் மன்றத்தின் வேகப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்திருந்தார். கல்யாண நாளை மறப்பார். அந்த இருநூற்றுப் பத்தை மறக்கவே மாட்டார்.

பிறகு என்ன ஆகும்? ஆட்டம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்துத் திரை இருண்டுவிடும். நாலு விநாடி கழித்து வெளிச்சம் வரும், மூலையில் ஒரு வரி நிற்கும்: 'கிராபிக்ஸ் டிரைவர் பதிலளிக்கவில்லை.' கணினி சொல்வதைப் படம் வரைகிற சில்லுக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருள்தான் இந்த டிரைவர். பதிலளிக்கவில்லை என்றுதானே சொன்னது, ஏன் என்று சொல்லவில்லையே என்று நீங்களும் நானும் யோசிப்போம். நேஷா யோசிக்கமாட்டார். பழி போட ஒரு பெயர் கிடைத்துவிட்டது, போதாதா?

உடனே வைத்தியம் ஆரம்பமாகும். டிரைவரைக் கழற்றிப் புதிதாகப் போடுவார். புதிது சரியில்லை என்று போன மாதத்தியதைப் போடுவார், பிறகு போன வருஷத்தியதை. பின்பக்க மூடியைத் திறந்து விசிறியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சில்லின் மேல் சூட்டைக் கடத்தும் புதுப் பசை தடவி, அம்மா சிவப்பு மிளகாய் சுட்டு அரைத்த ஐவார் பாட்டில்களின் மூடி இரண்டைப் பிடுங்கி லேப்டாப்பின் அடியில் முட்டுக் கொடுத்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவார். ஏற்றி முடித்ததும் முதல் காரியம்? முள்ளை இருநூற்றுப் பத்தில் கொண்டுபோய் வைப்பதுதான்.

இது அவரோடு போயிருந்தால் நமக்கென்ன வந்தது! அவர் மனைவி ஸ்லாவித்சா உள் அலங்காரம் வரைகிறவள். அந்த வாரம் அவளுக்கு ஜீவமரணப் போராட்டம்.

"நேஷா, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஓட்டல்காரர் விடோயே வர்றாரு. அவரோட சாப்பாட்டுக் கூடம் எப்படி இருக்கும்னு இந்த லேப்டாப்புலதான் நான் திரையில உள்ள நடந்து காட்டணும். என் பழைய பெட்டி இந்தப் படத்தைத் திறக்கவே மாட்டேங்குது. இன்னொருத்தி ஏற்கெனவே காட்டிட்டா. நடுவுல இது விழுந்துச்சுன்னா வேலை அவளுக்குத்தான்."

"விழாது. டிரைவரை மாத்தறேன்."

"அந்த வேகத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாரேன்..."

"அதுவா இருக்கவே முடியாது ஸ்லாவித்சா!"

வாசகரே, இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இனத்தை அடையாளம் காண இது ஒன்றே போதும்.

அவர் அம்மா தேசாங்காவுக்கு வேறு சித்தாந்தம். லேப்டாப் குளிரட்டும் என்று நேஷா இரண்டு பக்க ஜன்னலையும் திறந்து வைப்பார், அம்மா வந்து படார் படாரென்று சாத்துவாள்.

"எதிரும் புதிருமா ஜன்னலைத் தொறந்து வச்சா காத்து குறுக்க ஓடாதாடா? மனுஷனுக்கே காய்ச்சல் வரும். இந்தப் பொட்டி தாங்குமா?"

"அம்மா, காத்து பட்டா அதுக்கு நல்லதும்மா!"

"ஆமா, உங்க சித்தப்பாவும் இப்படித்தான் சொன்னாரு. அப்புறம் ஒரு மாசம் எந்திரிக்கல."

வியாழக்கிழமை மாலைக்குள் பதினேழு டிரைவர் மாற்றியாகிவிட்டது. ஸ்லாவித்சா ஒத்திகை பார்த்தாள். மூன்று தடவையும் கூடத்தின் வாசல் தாண்டியதும் இருட்டு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வராதா? இரண்டு மாத உழைப்பு. நேஷா இன்னும் நல்ல பசை வாங்கக் கடைக்குக் கிளம்பினார். கதவு சாத்தப்பட்டதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டாள். பதினொரு முறை கூடத்தில் நடந்தாள். திரை கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை.

சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே ஏற்றிவிடுவாரே!

நேஷா திரும்பி வந்தார், பதினெட்டாவது டிரைவரைப் போட்டார், ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். விழவில்லை. குதித்தார். முள் இருக்கும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சந்தேகம் இல்லாத இடத்தில் யார் பார்ப்பார்கள்? மன்றத்தில் 'பதினெட்டாவதுதான் மருந்து' என்று எழுதினார். நாற்பத்தொரு பேர் நன்றி சொன்னார்கள்.

"ஜன்னலைச் சாத்தினது நானு, பேரு அவனுக்கா?" என்றாள் தேசாங்கா.

வெள்ளிக்கிழமை விடோயே வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். விருந்தாளிக்கு முதலில் நீட்டும் சீமை மாதுளைப் பழப் பாகை ஒரு கரண்டி வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, காபியோடு உட்கார்ந்தார். ஸ்லாவித்சா நடந்து காட்டினாள். வாசல், விளக்குகள், ஆற்றைப் பார்த்த மேஜைகள்.

"அம்சமா இருக்கும்மா" என்றார் விடோயே. "இன்னொரு தடவை வாசல்லேருந்து காட்டு."

இங்கே நேஷா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இருந்தாரா?

"இது இப்படி வழுக்கிக்கிட்டு ஓடுதே, எப்படின்னு தெரியுமா உங்களுக்கு? இதோ பாருங்க வேகத்த..." என்று முள் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினார். பூஜ்யம். முகம் வெளுத்துவிட்டது. "யாரு... யாரு இதைத் தொட்டது?"

ஸ்லாவித்சா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். "அப்புறம் பாத்துக்கலாம் நேஷா. அப்புறம்!"

"ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்!" என்று அவர் இருநூற்றுப் பத்துக்கு ஏற்றினார். "இப்ப பாருங்க சார்."

வாசல் திறந்தது. விளக்கு தெரிந்தது. அவ்வளவுதான், இருட்டு. ஸ்லாவித்சா மனதுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு மாதம் போச்சு, வேலை போச்சு, இந்த மனிதரை என்ன செய்தால் தகும்?

விடோயே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து மூலையில் வந்த வரியைப் படித்தார்.

"டிரைவர்" என்றார்.

"டிரைவரேதான்!" நேஷாவுக்கு உயிர் வந்தது.

"என் பெட்டியிலயும் இதே ரோதனை. இருநூத்தி நாப்பதுல வச்சிருக்கேன். இறக்கு இறக்குன்னு என் பொண்டாட்டி உயிரை வாங்கறா. அதுவா இருக்கவே முடியாது!"

"இருநூத்தி நாப்பதா!" நேஷா எழுந்தே நின்றுவிட்டார். ரக்கியா என்கிற பழச்சாராய பாட்டில் வந்தது. பத்தொன்பதாவது டிரைவரைப் பற்றி இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள்.

கிளம்பும்போது விடோயே ஸ்லாவித்சாவிடம் சொன்னார்: "வேலை உனக்குத்தாம்மா. உனக்கு முன்னாடி அந்தப் பொண்ணு காட்டினப்ப ஒரு தடவை கூட விழல. அப்பவே நெனச்சேன், பெட்டியவே இவ்வளவு பயந்து பயந்து ஓட்டறவங்க, ஓட்டலை எங்க கட்டப்போறாங்கன்னு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நீங்கள் சிரித்தீர்கள், தெரியும். லேப்டாப்பே இல்லை, நமக்கென்ன என்கிறீர்கள். சரி. கழுத்து வலி என்று தலையணை மாற்றினீர்கள், மெத்தை மாற்றினீர்கள், மூன்று தைலம் பூசினீர்கள், எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டினீர்கள், அவர் ஒன்றே ஒன்று சொன்னார். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவையாவது நிமிர்ந்தீர்களா?